வேட்டை நின்ற மலையில் வேட்டை நாய்: ஜூலிக்குக் குட்டி எடுக்கலாமா?

கோத்தகிரி பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன், கொஞ்சம் டீத்தோட்டம், கொஞ்சம் கேரட். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே காக்கர் ஸ்பேனியல்தான், புதருக்குள் பறவையைத் தேடிக் கிளப்பும் வேட்டை நாய் இனம். தாத்தா ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கராக (டீ ஃபேக்டரிப் பொறுப்பாளர்) இருந்தார், அங்கே இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டைக் குட்டியைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அதன் மகள், அதற்கு மகள் என்று வந்து இப்போது ஜூலி இருக்கிறாள், நாலு வயது. நடுவில் எந்தெந்தக் கடுவனோடு சேர்த்தார்கள் என்பது தாத்தாவின் டைரியில் பாதி இருக்கிறது, மீதி அவரோடு போய்விட்டது. பேப்பர், சர்டிபிகேட் எதுவும் கிடையாது.

ஜூலி சின்ன உடம்பு, காது ரொம்பத் தொங்காது, முடியும் குறைவு. தோட்டத்தில் இறக்கிவிட்டால் டீச்செடி வரிசைக்குள் மூக்கைத் தரையோடு வைத்து இடமும் வலமுமாகப் போய்க்கொண்டே இருப்பாள், வால் நிற்காது. கவாத்து வெட்டும்போது தொலைந்த அரிவாள் உறையைக்கூடக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது ஒரு ஈத்து எடுக்கலாம் என்று ஆசை. இரண்டு கடுவன் பேச்சில் இருக்கிறது. ஒன்று கோயம்புத்தூரில், ஷோவில் சாம்பியன், பார்க்க ராஜா மாதிரி, முடி தரையைத் தொடுகிறது. இன்னொன்று பெங்களூரில், வெளிநாட்டு வொர்க்கிங் லைன், அதாவது ஷோவுக்கு இல்லாமல் வேலைக்காக வளர்த்த பரம்பரை, ஒல்லியாக இருக்கிறது, எங்கள் மாமா அதன் போட்டோவைப் பார்த்துவிட்டு 'இது தெருநாய்க் கலப்பா' என்று கேட்டார். சாம்பியன் குட்டி என்றால் நல்ல விலைக்குப் போகும் என்பது அவர் கணக்கு. நான் விற்பதற்காக எடுக்கவில்லை. சொந்தத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வேன்.

என் கேள்வி இதுதான். வேட்டை கிடையாது, நல்லதுதான், அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வேட்டையே இல்லாதபோது இவளிடம் அந்த வேலை நிஜமாகவே இருக்கிறதா, நான்தான் பெற்றவன் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது தெரியாமல் எந்தக் கடுவன் என்று முடிவு செய்வது எப்படி?

குன்னூர் பெரியவர்:

தம்பி, உன் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, தட்டச்சு மெதுவாகத்தான் வரும், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

நான் பார்த்தது அறுபதுகளின் கடைசி. அப்பா எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். லைசென்ஸ் வைத்திருந்த மேனேஜர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நாய் பிடித்துக்கொண்டு வர என்னைக் கூட்டிப் போவார். இந்த மலையில் அப்போதும் நினைத்தவன் நினைத்ததைச் சுட முடியாது. துப்பாக்கிக்காரர்களே, இப்படிப் போனால் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்து 1877-ல் நீலகிரி கேம் அசோசியேஷன் (கேம் என்றால் வேட்டை விலங்குகள்) என்று ஆரம்பித்தார்கள், 1879-ல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை சுடக்கூடாது என்று காலம் வைத்தார்கள். அந்த அசோசியேஷன்தான் பெயர் மாறி இன்றைக்கு வனவிலங்கு, சுற்றுச்சூழல் என்று நடக்கிறது. அப்புறம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991-ல் அதற்குத் திருத்தம், அதோடு வேட்டைக் கதை முடிந்தது.

குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து காட்டு உள்ளான் இங்கே இறங்கும், துரைமார் வுட்காக் என்பார்கள். பகல் முழுக்க சோலைக்குள் சருகில் உட்கார்ந்திருக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அப்படி ஒரு நிறம். இருட்டும் நேரத்தில் வெளியே வந்து சதுப்பில் அலகைக் குத்தி மண்புழு எடுக்கும். அதை மனிதன் தேடிக் கிளப்புவது நடக்காத காரியம். குறிஞ்சிப் புதருக்குள் உடம்பை நுழைத்துப் போகிற சின்ன நாய் வேண்டும். உன் ஜூலியின் இனத்துக்கு காக்கர் என்று பெயர் வந்ததே அந்தப் பறவையால்தான். புல்வெளியில் காடைக்குப் போனால் பாய்ன்டர், செட்டர். அவை தூரத்திலேயே வாடை பிடித்து, ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்று காட்டும். சோலைக்குள் நாய் நிற்பது நமக்கு எங்கே தெரியப் போகிறது, அதனால் அங்கே ஸ்பேனியல். ஊட்டிப் பக்கம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையில் கொம்பு ஊதிக்கொண்டு போன ஊட்டி ஹண்ட் வேறு, அது ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டம், நரியின் பின்னால் ஓடியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இங்கேயே நிறைய பேர்.

அந்த மேனேஜரிடம் ஒரு கறுப்புப் பெட்டை இருந்தது. மாலையில் கிளப்பில் மற்றவர்கள் எத்தனை சுட்டோம் என்று பேசுவார்கள், இவர் அந்தப் பேச்சுக்கே வரமாட்டார். பறவை எழுந்த நொடியில் அது எப்படி உட்கார்ந்தது என்பதுதான் அவருக்குப் பேச்சு. மூக்குக்கு முன்னால் சடசடவென்று பறவை எழும்போது துரத்தாமல் பின்காலை மடித்து உட்கார வேண்டும், அது நாயின் ரத்தத்துக்கே எதிரான காரியம். துரத்தினால் அடுத்த புதரில் இருப்பதெல்லாம் கலைந்துவிடும், தாழப் பறக்கும் பறவையைக் குறி பார்த்தால் நாய் மேலேயே படும். உட்கார்ந்த இடத்திலிருந்து விழுந்த இடத்தை மட்டும் கண்ணால் குறித்துக்கொள்ளும், போ என்றால்தான் போகும். கொண்டுவந்த பறவையை அவர் வாங்கி முதலில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து விலா எலும்பைத் தடவிப் பார்ப்பார், நொறுங்கியிருந்தால் அந்த நாயின் வாய் சரியில்லை, அதிலிருந்து குட்டி எடுக்கமாட்டார். வேறு எதற்கும் மன்னிப்பு உண்டு, கடிக்கிற வாய்க்கு இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜூலி மூக்கைப் போட்டுத் தேடுகிறாள், சந்தோஷம். தேடுவது எல்லா ஸ்பேனியலுக்கும் வரும். தேடிக்கொண்டிருக்கும்போது நீ விசில் அடித்தால் திரும்புகிறாளா? எடுத்ததை உன் கையில் தருகிறாளா, தூக்கிக்கொண்டு ஓடுகிறாளா? அதைச் சொல். கடுவன் விஷயத்தில், போட்டோவைப் பார்க்காதே, அந்தக் கடுவனின் தாயைப் போய்ப் பார். எங்கள் காலத்தில் எல்லாரும் தாயைத்தான் கேட்பார்கள்.

மே மாதம் ஊட்டி:

ஷோ என்றால் எல்லாரும் ஏளனமாகப் பேசுவது பழக்கமாகிவிட்டது. நான் காக்கரும் கோல்டன் ரிட்ரீவரும் வைத்திருக்கிறேன், ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ் மைதானத்தில் சவுத் இந்தியா கென்னல் கிளப் ஷோவுக்கு வருஷா வருஷம் கொண்டுபோவேன். உலகத்தில் முறையாக நடந்த முதல் நாய் ஷோவே 1859-ல் இங்கிலாந்தில் நியூகாஸிலில், அதில் பாய்ன்டரும் செட்டரும் மட்டும்தான், அதாவது வேட்டைக்காரர்கள் தங்கள் நாயைக் காட்டப் போட்டதுதான் ஷோ. ஓடவிட்டுப் பார்க்கும் ஃபீல்ட் ட்ரையல் 1865-ல் வந்தது, ஷோவுக்குப் பிறகு. அந்த வரலாறு தெரியாமல் ஷோ நாய் பொம்மை நாய் என்கிறார்கள். சாம்பியன் கடுவனுக்கு நாலைந்து தலைமுறை பேப்பர் இருக்கிறது, பற்கள், தோள், நடை எல்லாம் பல ஜட்ஜ்கள் தொட்டுப் பார்த்தது. வெளிநாட்டு லைன் என்று சொல்பவரிடம் என்ன இருக்கிறது, இரண்டு வீடியோ.

இன்னொன்று, தாய், தகப்பன் இரண்டு பக்கமும் கென்னல் கிளப் பதிவு இருந்தால்தான் குட்டிக்கு ஒழுங்கான பரம்பரைச் சான்று கிடைக்கும். ஜூலிக்கு இல்லாததால் எந்தக் கடுவன் என்றாலும் அந்தக் கதை இல்லை. அதனால் மாமா சொல்லும் விலையை மறந்துவிடுங்கள்.

குன்னூர் பெரியவர்:

மே மாதம் ஊட்டி அவர்களே, 1859 பற்றி நீங்கள் சொன்னது சரி. அன்றைக்கு ஷோவுக்கு வந்த நாய் அடுத்த வாரம் புல்வெளியில் வேலை செய்தது. இன்றைக்கு ஷோ காக்கரை உண்ணிச்செடிப் புதருக்குள் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், முள்ளும் ஒட்டுப்புல்லும் எடுக்க உங்களுக்கு ஒரு நாள் வேண்டும். பற்களும் தோளும் நன்றாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. மூக்கை எந்த ஜட்ஜ் தொட்டுப் பார்த்தார்?

மே மாதம் ஊட்டி:

முடியை வெட்டினால் போகிறது. அதற்குப் பெயர் கத்தரிக்கோல்.

மருத்துவர் அக்கா:

நீலகிரியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி கேட்டதில் ஒரு பாதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி குட்டி எடுத்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக்கூடாது. நீங்கள் விற்கவில்லை என்றாலும் அந்த வயதுக் கணக்குகள் எல்லாம் நாயின் உடம்பை வைத்துப் போட்டவைதான், அப்படியே பின்பற்றுங்கள். 8 வாரம் என்பது ரொம்ப முக்கியம், தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் கடி வாங்கித்தான் குட்டி வாயை அடக்கக் கற்றுக்கொள்ளும். பெரியவர் சொன்ன, பறவையை நொறுக்காத மென்மையான வாய் பாதி பிறப்பிலேயே வருவது, மீதி அந்த நாட்களில் வருவது.

நாலு வயதில் முதல் ஈத்து என்றால் பரவாயில்லை, இன்னும் தள்ளிப் போடாதீர்கள், வயது ஏற ஏறப் பிரசவம் சிக்கலாகும்.

அடுத்து, எந்தக் கடுவன் என்று என்னைக் கேட்டால், மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் எதற்கு இருக்கிறதோ அது. காக்கர்களில் விழித்திரை படிப்படியாகக் கெட்டுக் கண் போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, பி.ஆர்.ஏ என்பார்கள். இளம் வயதில் சிறுநீரகம் கெடும் நோயும் உண்டு. வேலை செய்யும் லைன்களில் கால் விரல்களில் வலி உணர்வே இல்லாமல் தன் பாதத்தைத் தானே கடித்துக்கொள்ளும் கொடுமையான ஒரு நோயும் இருக்கிறது. மூன்றுமே ஒரே மாதிரி வருபவை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நாய் கடைசி வரை நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். அப்படிக் கடத்தும் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு நோய். ஒன்று கடத்துவதாக இருந்து மற்றது சுத்தமாக இருந்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. அதனால் ஜூலியைப் பரிசோதித்து ஏதாவது வந்தால் உடனே மனம் ஒடிந்து போகாதீர்கள், கடுவன் சுத்தமாக இருந்தால் போதும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் பார்த்துச் சொல்ல லேப்கள் இருக்கின்றன.

இடுப்பு எக்ஸ்ரே இரண்டுக்கும் வேண்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டுக்கும் புரூசெல்லா பரிசோதனை கட்டாயம், இது கருச்சிதைவு உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும், சாம்பியன் வீட்டில் கேட்டால் கோபப்படுவார்கள் என்று கேட்காமல் விடாதீர்கள்.

பேப்பர் இல்லாத லைனில் நெருங்கிய உறவுக்குள் சேர்ந்திருக்கிறதா என்று கணக்குப் போட வழியில்லை. அதனால் சம்பந்தமே இல்லாத கடுவன் நல்லது, அந்த வகையில் பெங்களூர் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. 2016-ல் விற்பனைக்குக் குட்டி எடுப்பதற்காக நாய் இறக்குமதி செய்வதை மத்திய அரசு தடுத்துவிட்டது, அதனால் நாட்டுக்குள் புது ரத்தம் குறைவு. அந்தக் கடுவன் எந்த வகையில் வந்தது, கூட வந்த ஆவணம் என்ன என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

காது. தொங்கும் காது, நம் ஊர் ஈரம், கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு தடவை புதரிலிருந்து வந்த பிறகும் காதைத் திருப்பிப் பாருங்கள், உண்ணியும் புல் முள்ளும் உள்ளே போய் உட்காரும். உண்ணிக் காய்ச்சலில் நாய் போவதை மாதாமாதம் பார்க்கிறேன். வெறிநாய் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் ஊசி போடாத வளர்ப்பு நாய் இருக்கக்கூடாது.

மன்னவனூர் பாய்ன்டர்:

அண்ணா, நான் பழனிமலைப் பக்கம், கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாய்ன்டர் வைத்திருக்கிறேன், பெயர் வீரா. நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

வேட்டை இல்லாமல் வேலையைச் சோதிக்க முடியும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

கறிக்கடையில் கிடைக்கும் பண்ணைக் காடை இருக்கிறதே, ஜப்பானியக் காடை, அதை முழு இறக்கையோடு வாங்கி வந்து இறக்கைகளை வெட்டி பிரீசரில் போட்டுவிடுவேன் (அம்மாவுக்குத் தெரியாத தட்டு ஒன்று இருக்கிறது). குட்டியாக இருந்தபோது ஒரு மூங்கில் கழியில் நரம்பு கட்டி, நுனியில் இறக்கையைத் தொங்கவிட்டு, புல்லில் வைத்தேன். ஓடிவந்து பிடிக்கப் பார்த்தான், தூக்கிவிட்டேன். திரும்ப வைத்தேன், திரும்பத் தூக்கினேன். பிடிக்க முடியாது என்று புரிந்ததும் அப்படியே நின்றுவிட்டான், முன்னங்கால் ஒன்று மேலே, வால் நேராக, உடம்பு முழுக்க நடுக்கம். மூன்று மாதக் குட்டி, யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு நான் எடுத்த போட்டோ எங்கள் உறவுக்காரர்கள் எல்லாருடைய போனிலும் இருக்கிறது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அனுப்பினேன். ஆனால் இந்த விளையாட்டைக் கொஞ்ச நாளில் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணால் பார்த்து நிற்கப் பழகிவிடும். நமக்கு வேண்டியது மூக்கால் நிற்பது. அதன் பிறகு இறக்கையை ஒளித்து வைத்துத்தான் தேடவிடுவேன்.

ஒளிக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் முகப் பவுடரைக் கையில் வைத்துத் தட்டினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரியும். நாயை எப்போதும் எதிர்காற்றில் விட வேண்டும். வாடை என்பது பொருளிலிருந்து காற்றுப் போகும் திசையில் விரிந்துகொண்டே போகும், நாய் குறுக்கே வெட்டி வெட்டி ஓடும்போது அந்த விரிவின் ஓரத்தில் மூக்குப் பட்டதும் தலை சட்டென்று திரும்பும் பாருங்கள், அதுதான் நீங்கள் கேட்ட சோதனை. எவ்வளவு தூரத்தில் தலை திரும்புகிறது, திரும்பிய பிறகு குழப்பமில்லாமல் போகிறாளா என்று கவனியுங்கள். ஈரமும் லேசான காற்றும் இருந்தால் வாடை நன்றாக நிற்கும், உச்சி வெயிலில் காய்ந்த மண்ணில் எந்த நாயும் முட்டாளாகத் தெரியும், அதை வைத்து ஜூலியை எடை போடாதீர்கள்.

அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு, பூண்டு வயல்களில் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் விடுவேன். காட்டுக்குள் விடுவதில்லை.

விசில். ஸ்பேனியலுக்கு அக்மி கம்பெனியின் 210½, பெரும்பாலும் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், லேப்ரடாருக்கு 211½. எண் ஒன்றாக இருந்தால் சத்தமும் ஒன்றாக இருக்கும், தொலைந்தால் புதிது வாங்கினாலும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது, வாயால் அடிக்கும் விசிலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு நீள ஊதல் என்றால் உட்கார். குட்டி குட்டியாகப் பல ஊதல் என்றால் வா. இரண்டு சின்ன ஊதல் என்றால் திரும்பு. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே நீள ஊதல் ஊதி உட்காரப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டம்மியை (பறவைக்குப் பதிலாக வீசும் துணிப் பொட்டலம்) எடுத்து வரும்போது எதிரே ஓடாதீர்கள், நீங்கள் பின்னால் நடங்கள், அவள் உங்களைத் தேடி வருவாள். வந்ததும் பிடுங்காதீர்கள். கழுத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் வாயிலேயே இருக்கட்டும், அப்புறம் வாங்குங்கள். இழுத்துப் பிடுங்கும் விளையாட்டு விளையாடினால் வாய் இறுகிவிடும், அப்புறம் பெரியவர் விலா எலும்பைத் தடவ வந்துவிடுவார்.

சத்தத்துக்குப் பழக்குவது தனி. நம் ஊரில் துப்பாக்கி இல்லை, தீபாவளி இருக்கிறதே. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரொம்பத் தூரத்தில் ஒருவரைக் கைதட்டச் சொல்லி, பல நாள் கழித்துக் கொஞ்சம் பக்கத்தில், அப்படியே மெதுவாக. பக்கத்தில் ஒரு லட்சுமி வெடியைப் போட்டால் ஒரே நாளில் நாயைக் கெடுத்துவிடலாம், சரிசெய்ய வருஷம் ஆகும்.

உயிருள்ள புறாவைப் பெட்டியில் வைத்துத் திறந்துவிட்டுப் பழக்குவதை வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள், மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். இறக்கை போதும்.

சோலைக்கிளி:

பறவை பார்ப்பவன், ஊட்டி. நாய் மேல் எனக்குக் கோபமில்லை, எங்கள் வீட்டிலும் ஒன்று சோபாவில் படுத்திருக்கிறது. ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டு நாலு பேர் நாயோடு சோலைக்குப் போவார்கள் என்று பயமாக இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. விரட்டுவது, நாய் விட்டுத் துரத்துவது, பிடிப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட அதில் வரும், கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் வரும். 'நான் சும்மா பழக்கினேன், நாய்தான் காட்டுக்கோழி பின்னால் போனது' என்றால் கேட்கமாட்டார்கள். சாம்பல் காட்டுக்கோழி தரையில் முட்டையிடுகிறது. நீலகிரி நெட்டைக்காலி புல்வெளியில் தரையோடு கூடு கட்டுகிறது, இந்த மேற்கு மலைகளை விட்டால் அதற்கு வேறு இடமில்லை. வீராவைப் போன்ற மூக்கு அந்தக் கூட்டுக்கு எமன். அது போக, ஊசி போடாத நாய் காட்டுக்குள் போனால் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் செந்நாய்க்குப் போகும், ஒரு கூட்டமே அழிந்துவிடலாம்.

இதே மூக்கை வேறு மாதிரி பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து மலைகளில் குரூஸ் பறவைகளைக் கணக்கெடுக்க பாய்ன்டர்களைக் கொண்டுபோகிறார்கள், நாய் நின்று காட்டும், மனிதன் எண்ணிக்கொள்வான். நியூஸிலாந்தில் 1890-களிலேயே ரிச்சர்ட் ஹென்றி என்பவர் வாய்க்கட்டுப் போட்ட நாயை வைத்து பறக்க முடியாத ககாபோ கிளிகளைத் தேடிப் பிடித்து, எதிரி இல்லாத தீவில் கொண்டுபோய் விட்டார். ஆனால் அதெல்லாம் அனுமதியோடு செய்வது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு இல்லை.

குன்னூர் பெரியவர்:

சோலைக்கிளி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் பார்த்த அளவுக்கு இன்றைக்குப் பறவையும் இல்லை, அந்தப் புல்வெளியில் பாதி சீகையும் கற்பூர மரமுமாகப் போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பறவை எழுந்ததும் உட்காரும் நாய் எந்தக் கூட்டையும் கலைக்காது. அடக்கம் இல்லாத நாய்தான் கலைக்கும். பழக்கப்படுத்தாத லேப்ரடாரை எஸ்டேட் ரோட்டில் அவிழ்த்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டு நடப்பவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

சோலைக்கிளி:

உட்காரும் நாயாக இருந்தாலும் பறவை எழுந்துவிட்டதே, ஐயா. முட்டை மேலிருந்து எழுந்தால் அந்தக் குளிரில் முட்டை என்ன ஆகும்? பிப்ரவரியிலிருந்து மழைக்காலம் முடியும் வரை காட்டோரம்கூட வேண்டாம். லேப்ரடார் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம்.

குன்னூர் பெரியவர்:

அது நியாயம்தான். அந்தக் காலத்தில் சுடக்கூடாது என்று மூடிய மாதங்களும் அதற்காகத்தான் வைத்தார்கள். காட்டோரம் வேண்டாம், தோட்டத்துக்குள்ளேயே டம்மியோடு இருக்கட்டும்.

மருத்துவர் அக்கா:

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மன்னவனூர் தம்பி சொல்வது போல வாடை நன்றாக நிற்பது விடியலிலும் அந்தியிலும். கோத்தகிரி, குன்னூரில் சிறுத்தை நடமாடுவதும் அதே நேரம். ஸ்பேனியல் அளவு நாய் அதற்கு ஒரு வாய். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, மூடுபனி இருக்கும் நாளாகப் பார்த்து எட்டு மணிக்கு மேல் பழக்குங்கள், ஈரம் அப்போதும் இருக்கும். ராத்திரி நாயை வெளியே கட்டாதீர்கள். காட்டெருமை நிற்கும் தோட்டத்தில் நாயை விடவே கூடாது. நாய் குரைத்துவிட்டுப் பயந்து எங்கே ஓடிவரும்? உங்களிடம்தான். காட்டெருமையும் பின்னாலேயே வரும். அப்படி விலா உடைந்து வந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன், நாய்க்கு ஒரு கீறல் இல்லை.

கோத்தகிரி பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

பெரியவர் கேட்டதற்குப் பதில். வாயால் விசில் அடித்தால் முக்கால்வாசி நேரம் திரும்புவாள், வாடை கிடைத்துவிட்டால் காது கேட்காது. எடுத்ததைக் கொண்டுவருவாள், ஆனால் என் காலடியில் போட்டுவிட்டு மறுபடி தேடப் போய்விடுவாள், கையில் தருவதில்லை. நேற்று மன்னவனூர் நண்பர் சொன்னபடி பவுடர் தட்டிப் பார்த்து, காடை இறக்கையைக் கேரட் எடுத்த வயலில் ஒளித்து வைத்தேன். வயலின் பாதி அகலத்திலிருந்தே தலையைத் திருப்பிவிட்டாள். நேராகப் போனாள். எடுத்ததும் என்னிடம் வராமல் மாமாவிடம் கொண்டுபோய்ப் போட்டாள், மாமா இப்போது பெங்களூர் கடுவனின் போட்டோவை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்.

முடிவு செய்தது இவ்வளவுதான். பரிசோதனைக்கு ஜூலியின் கன்னத்தில் தடவி அனுப்புகிறேன், எக்ஸ்ரேவும் எடுக்கிறேன். இரண்டு கடுவன் வீட்டிலும் ரிப்போர்ட் கேட்டிருக்கிறேன். பெங்களூர்க்காரர் அன்றைக்கே அனுப்பிவிட்டார், கண்ணும் சிறுநீரகமும் சுத்தம் என்று இருக்கிறது, பாதம் கடிக்கும் நோய்க்கு மட்டும் இன்னும் பார்க்கவில்லையாம், பார்க்கிறேன் என்றார். தாய் நாயின் வீடியோவும் கேட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் 'சாம்பியனுக்கு எதற்கு டெஸ்ட்' என்று கேட்டார்கள்.

மே மாதம் ஊட்டி:

அப்படிக் கேட்டால் அங்கே போகாதீர்கள். என் காக்கருக்கு எல்லா ரிப்போர்ட்டும் இருக்கிறது, ஷோக்காரர் எல்லாரும் அப்படி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பெங்களூர் தகப்பனாக இருந்து நல்ல பெட்டை ஒன்று பிறந்தால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள். முடி வெட்டும் வேலை மிச்சம்.

மன்னவனூர் பாய்ன்டர்:

அண்ணா, வாடை கிடைத்ததும் காது கேட்கவில்லை என்றால் இறக்கையை இன்னும் கொஞ்ச நாள் ஒளித்து வைக்காதீர்கள், வெறும் டம்மியோடு விசில் பாடம் மட்டும். நீள ஊதலுக்கு எங்கே இருந்தாலும் உட்கார வேண்டும், அது வந்த பிறகுதான் இறக்கை. கையில் தராததற்கு, டம்மியோடு வரும்போது நீங்கள் குனியாமல் சுவரோரமாக நில்லுங்கள், உங்களைச் சுற்றிப் போக வழி இருக்காது.

கோத்தகிரி பையன்:

சரி. 210½ இங்கே கடையில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் போட்டிருக்கிறேன். பெரியவரே, நீங்கள் குன்னூரில் என்றால் ஒரு நாள் ஜூலியைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

குன்னூர் பெரியவர்:

வா தம்பி. மழை நின்ற பிறகு வா, எட்டு மணிக்கு மேல், அதற்கு முன் எங்கள் கீழ்த்தோட்டத்தில் காட்டெருமை நிற்கும். விசில் வரும் வரை காத்திருக்க வேண்டாம், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.